ஆசீர்வாதம் அண்டு கம்பெனி

எங்க வேலைன்னு கேட்டா கம்பெனிங்கீங்க. என்ன கம்பெனின்னு கேட்டா பனியன் கம்பெனிங்கீங்க. தப்பா நினைக்கப்படாது, எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. உங்க மேல கோவம் இல்ல. ஊரே அப்படித்தான் இருக்கு. நாலு தையல் மிஷினைப் போட்டவனும் கம்பெனி, நாப்பது மாடி கட்டினவனும் கம்பெனி. எங்க தெருவுல ஒருத்தன் இருக்கான், பொழுது சாஞ்சா ஒயின் ஷாப்புக்குத் துணைக்கு ஆள் தேடுவான். "சார், சும்மா கம்பெனி குடுங்க, நீங்க சோடா குடிச்சாப் போதும்"ங்கான். யாருகிட்ட? என்கிட்ட! ஆயுசு முழுக்க காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தினவன்கிட்ட!

நல்லா சாஞ்சு உக்காருங்க. பஸ் திருச்செந்தூர் போய்ச் சேர இன்னும் ரொம்ப தூரம் கெடக்கு. நானும் கோயிலுக்குத்தான். எதிர்வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். பேரு குற்றாலிங்கம். பாளையங்கோட்டையில குற்றாலிங்கம் சார் வீடுன்னா ஆட்டோக்காரன் வாசல்ல கொண்டாந்து விடுவான். என்கிட்டப் படிச்சவனாத்தான் இருப்பான், மார்க் வாங்காதவன்.

வார்த்தைன்னா அதுக்கு ஒரு குலம் கோத்திரம் உண்டு கேட்டீங்களா. கம்பெனிங்கிறது லத்தீன். 'கம்'னா கூட, 'பானிஸ்'னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி திங்குறவன். அவ்வளவுதான். அங்கேருந்து பிரெஞ்சுக்காரன் எடுத்தான், பிரெஞ்சுக்காரன்கிட்டேருந்து இங்கிலீஷ்காரன் எடுத்தான். ஒரே ரொட்டியைப் பிச்சுத் திங்குற பட்டாளத்துக்குக் கம்பெனின்னு பேரு வந்துச்சு. அப்புறம் கூட்டுச் சேந்து கப்பல் விட்டவனுக்கு அந்தப் பேரு. அவன் இங்க வந்து இறங்கினான், நம்ம ஆளு அவனைக் கும்பினின்னான். கும்பினிக்காரன் யாருகூட ரொட்டியப் பங்கு வச்சான்? நம்ம தட்டுல இருந்ததையும் எடுத்துக்கிட்டான். பொறவு நாடகம் போட்டவன் கம்பெனி, பீடி சுத்தினவன் கம்பெனி. விசாரிக்க ஆளு இல்லேன்னா வார்த்தையும் தெரு மாடு மாதிரிதான், கண்ட சந்துலயும் மேயும்.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, இந்த பஸ் போற வழியில, குரும்பூர்ல மெயின் ரோட்டு மேலயே ஒரு போர்டு இருக்கு. 'ஆசீர்வாதம் அண்டு கம்பெனி, பேக்கரி.' ஒரு அடுப்பு, ஒரு கண்ணாடிப் பெட்டி, பன்னு, ரஸ்க்கு, ஈ. இதுக்கு அண்டு கம்பெனி! அந்த ஆசீர்வாதம்தான் எனக்குச் சம்பந்தி. சம்பந்தின்னு நான் சொல்லல, அவன் சொல்லுதான்.

என் மக ஆவுடை, ஒத்தப் பிள்ளை. எம்.ஏ. இங்கிலீஷ், நானே படிக்க வச்சேன். லேடிங்கிற வார்த்தைக்கு மூலம் என்ன தெரியுமா? மாவு பிசையறவ. லார்டுன்னா ரொட்டிக்குக் காவல் இருக்குறவன். நான் வருஷா வருஷம் வகுப்புல சொல்லுவேன், பிள்ளைக வாயைப் பிளந்து கேக்கும். இவ கேட்டதோட விடல. அந்த ஆசீர்வாதம் மகன் செல்வினைக் கட்டிக்கிட்டு நிஜமாவே மாவு பிசைய உக்காந்துட்டா. வேற ஆளுக, வேற சாமி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். நான் போகல.

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். உங்களுக்கு வழக்கம் தெரியும்லா? பொண்ணு பாக்கப் போற வீட்டுல காப்பி குடிக்கலாம், பஜ்ஜி திங்கலாம், ஒண்ணும் இல்ல. இலையைப் போட்டுச் சோறு தின்னுட்டா முடிஞ்சுது. கை நனைச்சாச்சு, சம்மதம்னு அர்த்தம். பொறவு மாத்திப் பேசினா மனுஷன் இல்ல. அதனாலதான் நம்ம பெரியவங்க சம்மதம் இல்லாத வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. நானும் சொல்லிட்டேன். ஆவுடை வரலாம், போகலாம், நான் அடிச்சு விரட்டப் போறதில்ல. ஆனா அந்த வீட்டுல என் கை நனையாது. அவ்வளவுதான் என் கட்டுப்பாடு. அதிகமா ஒண்ணும் கேக்கலையே?

என் சம்சாரம் சிவகாமிக்கு இந்த வைராக்கியம் எல்லாம் கிடையாது. ஒருநாள் கோயிலுக்குன்னு சொல்லிட்டு இதே ரூட் பஸ்ஸுல ஏறிப் போயிருக்கா. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டுதா, முகத்துல ஒரு தெளிச்சி. "எங்க போன?"ன்னேன். "மக வீட்டுக்கு"ன்னா. "சாப்பிட்டியா?"ன்னேன். "சாப்பிட்டேன். ரசம் நல்லா இருந்துச்சு"ங்கா! ரசம் நல்லா இருந்துச்சாம். நாலஞ்சு நாள் அவகூடப் பேசல நான். அடுத்த வருஷம் போய்ச் சேந்துட்டா. பேசாம இருந்த அந்த நாலஞ்சு நாள்தான் இப்பவும் நெஞ்சைக் குடையுது. ஆனா தப்பு அவ மேலதான், அதுல மாத்தம் இல்ல.

ஆவுடைக்குப் பிள்ளை பிறந்தப்ப நான் போனேன். போகலைன்னு யாரும் சொல்ல முடியாது. தண்ணி பாட்டிலும் ரெண்டு வாழைப்பழமும் கையோட கொண்டு போயிட்டேன், முன்ஜாக்கிரதை. பொம்பளப் பிள்ளை. பேரு என்னங்கீங்க? ஷெரின் சிவகாமி. இந்தக் கூத்து எங்கயாவது உண்டா? என் சம்சாரம் பேரைப் போய் ஒரு ஷெரினோட சேத்துக் கட்டி வச்சிருக்கானுவ. பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சுது. சின்னப் பிள்ளைக எல்லாரையும் பாத்துச் சிரிக்கும், அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

நான் போனது மத்தியான நேரம். அந்தக் கடையில ஒரு பழக்கம். மாவு பிசையற பெரிய மேஜை இருக்குல்லா, அதை மத்தியானம் துடைச்சு விட்டுட்டு எல்லாரும் சுத்தி உக்காந்துருவானுவ. மொதலாளி, மகன், அடுப்புக்காரன், பன்னு கட்டுற அம்மா, வண்டி ஓட்டுறவன், என் மக. ஒரே சட்டி, ஒரே குழம்பு. மொதலாளி எது, வேலைக்காரன் எதுன்னு அடையாளமே தெரியாது. அந்த ஆசீர்வாதம் எந்திரிச்சு வந்து, "சார், ஒரு வாய் சாப்பிடலாமே"ங்கான். "நான் பிள்ளையப் பாக்க வந்தேன், கை நனைக்க வரல"ன்னு சொல்லிட்டேன். முகத்துக்கு நேரா. ஆவுடை தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அதோட விட்டிருக்கலாம். ஆனா வாசலுக்கு வந்தா தலைக்கு மேல அந்த போர்டு தெரியுது பாருங்க, கை அரிக்குது எனக்கு. "யாருய்யா உம்ம கம்பெனி? கூட்டாளி யாரு? ஆசீர்வாதம் சரி, அந்த அண்டு எங்க இருக்கு?"ன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "எங்க ஐயா வச்ச போர்டு சார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பாக்கப் பெரிய கடை மாதிரி இருக்கட்டும்னு எழுதிட்டாரு"ங்கான். பாத்தீங்களா லட்சணத்தை? உடனே நான் லத்தீன்லேருந்து பிடிச்சு, இப்ப உங்களுக்குச் சொன்னேன்லா, அதை அப்படியே அவனுக்கும் சொன்னேன். கூட உக்காந்து ரொட்டி திங்குறவன்தான் கம்பெனி, போர்டு எழுதுற முன்னால நாலு படிச்சவன்கிட்டக் கேக்கணும்னேன்.

அவன் என்ன செஞ்சாங்கீங்க? கடகடன்னு சிரிச்சுட்டான். அடுப்புக்காரன் பக்கம் திரும்பி, "ஏலே சுயம்பு, கேட்டியா? நீயும் கம்பெனிதாம்லே"ங்கான். மேஜையே சிரிக்குது. என் மகளும் சிரிக்கா. என்னை வச்சுச் சிரிக்கானுவன்னு அந்த நிமிஷமே புரிஞ்சு போச்சு. வாத்தியார் பாடம் சொன்னா சிரிக்குறவன் உருப்பட்டதா சரித்திரம் உண்டா? பஸ் ஸ்டாண்டுல நின்னு வாழைப்பழத்தை உரிச்சுத் தின்னுட்டு வந்து சேந்தேன். பெஞ்சு இருந்துச்சு, அதுல எச்சில் துப்பி வச்சிருந்தானுவ, அதனால நின்னுக்கிட்டே தின்னேன்.

ரொட்டின்னு வந்ததால ஒண்ணு சொல்லுதேன். எனக்கு ரொட்டி புதுசு இல்ல. நான் வேலையில சேந்த காலத்துல எங்க டிபார்ட்மெண்ட்ல வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருத்தர் இருந்தார். சனிக்கிழமைன்னா அவர் வீட்டு மேஜையில எனக்கு ஒரு தட்டு உண்டு. ரொட்டி, வெண்ணெய், சூப்பு. நீங்க முழிக்கிறது தெரியுது. அவரும் வேற சாமிதானேன்னு கேக்கப் போறீங்க. அது வேறய்யா. அவர் ஆக்ஸ்போர்டு.

சிவகாமி போனப்புறம் காலையில அடுப்பு பத்த வைக்க மனசு வரல. எங்க பால்காரர் சுடலைமுத்துதான், "சார், நம்மகிட்ட ரொட்டியும் வருது, போடவா?"ன்னு கேட்டார். சாதாக் காகிதத்துல சுத்திக் கொண்டு வருவார், தொட்டா லேசாச் சூடு இருக்கும். வாயில வச்சேன் பாருங்க. பாதிரியார் வீட்டு ரொட்டிக்கு அப்புறம் அப்படி ஒண்ணு நான் தின்னதில்ல. மேல மொறுமொறுப்பு, உள்ள பஞ்சு. சீனியை அள்ளிக் கொட்டாத ரொட்டி. எவனோ நல்லாப் படிச்சவன், வெளிநாடு போய்ட்டு வந்தவன்தான் இதைப் போடுதான்னு அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். கை பாத்தாத் தெரியாதா?

ஆவுடை போன் பண்ணுவா. அப்பல்லாம் நல்லா ஏத்திச் சொல்லுவேன். "உங்க மாமனார் போடுற ரொட்டியை வச்சுச் செருப்புத் தைக்கலாம். இங்க எனக்கு ஒரு ரொட்டி வருது, அதைத் தின்னு பாக்கச் சொல்லு அந்தாளை, தொழிலையே விட்டுருவான்." அவ சிரிக்காமக் கேட்டுக்குவா. "அப்படியாப்பா? உப்பு சரியா இருக்கா?"ம்பா. "எல்லாம் கணக்கா இருக்கு"ம்பேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருக்கும், மக நம்ம ருசியை மதிக்காளேன்னு.

இந்த ஐப்பசியில அடிச்ச மழை தெரியும்லா? ஒருநாள் சுடலைமுத்து நனைஞ்சு வந்து நிக்கார். காகிதம் ஊறிக் கிழிஞ்சு, ரொட்டி ஒரு பிளாஸ்டிக் பையில இருக்கு. பை மேல பச்சை எழுத்து. ஆசீர்வாதம் அண்டு கம்பெனி, குரும்பூர். ரெண்டு தடவை எழுத்துக் கூட்டி வாசிச்சேன். "என்னவே இது?"ன்னேன். மனுஷன் பால் கேனைக் கீழ வச்சுட்டார். "ஆவுடை அக்காதான் சார் முதல் பஸ்ஸுல போட்டு விடுவாக. ஸ்டாண்டுல நின்னு நான் வாங்கிட்டு வருவேன். உங்களுக்குத் தெரிஞ்சா திங்க மாட்டீகன்னு பையைக் கழட்டிக் காகிதம் சுத்தச் சொன்னாக." மாசா மாசம் பால் காசோட ரொட்டிக்கும் சேத்துக் கொடுத்தேனே, அது என்ன ஆச்சுன்னு கேட்டேன். "வாங்கலேன்னா சார் சந்தேகப்படுவாரு, வாங்கிப் பிள்ளையார் கோயில் உண்டியல்ல போட்டுருங்கன்னாக சார். போட்டுட்டேன்." சூழ்ச்சியைப் பாத்தீங்களா? பெத்த அப்பனை ரெண்டு வருஷமா ஏமாத்தியிருக்கா.

உடனே போன் போட்டேன். நானா போட்டது அதுதான் முதல் தடவை. "ஆவுடை, உங்க வீட்டுல கை நனைச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுராத. ரொட்டி காய்ஞ்ச பண்டம். பஜ்ஜி மாதிரி, முறுக்கு மாதிரி. சோறு தின்னாத்தான் கணக்கு"ன்னேன். சட்டம் அதுதானேய்யா? நான் புதுசா எழுதினதா? "அதுவும் காசு கொடுத்திருக்கேன். எந்தச் சாமி வாங்குச்சுங்கிறது என் கவலை இல்ல. காசு கொடுத்தா அது வியாபாரம், உறவு இல்ல"ன்னேன். பாயிண்டு பாயிண்டாச் சொன்னேன்.

போன்ல பின்னால பிள்ளை அழுகுற சத்தம் கேக்குது. அதை அமத்திட்டுச் சொன்னா. கத்தல, அழல. "சரிப்பா. வியாபாரம்னா நாளையிலேருந்து நிறுத்திக்கிடுதோம். நான் விடிய முன்ன எந்திரிச்சு, என் கையால பிசைஞ்சு, தனி உப்பு போட்டு, தனியா வேக வச்சு எடுத்தது உங்களுக்கு வியாபாரமாவே இருந்துட்டுப் போகட்டும். இனிமே ரொட்டி வேணும்னா இங்க வாங்க. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். உங்களுக்கு எடம் போட்டு வச்சிருப்பேன். வந்து கை நனைச்சாத்தான் நீங்க என் அப்பா. வரலேன்னா நான் கூப்பிடவும் மாட்டேன், போனும் பண்ண மாட்டேன்."

அவ்வளவு திமிர். மறுநாள் சுடலைமுத்து வெறும் பாலோட வாறார். போன் அடிக்கல. கார்த்திகை பொறந்தாச்சு, இன்னும் அடிக்கல. ஊர்ல வேற ரொட்டியே இல்லையாங்கீங்க? வாங்கிப் பாத்தேன். சவம், ஈரத் துணியை மெல்லுத மாதிரி இருக்கு. ஒரு கடையில சீனிப் பாகு, ஒரு கடையில புளிச்ச நாத்தம். ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. அதைக் கேக்கத்தான் கிளம்பினேன். வழக்கமா வாங்குற ஆளுக்கு முன்கூட்டிச் சொல்லாம நிறுத்துறது எந்த ஊரு தொழில் தர்மம்? நேர்ல போய் அந்த ஆசீர்வாதத்தை நாலு கேள்வி கேக்கணும்லா? வேற ஒண்ணுக்கும் இல்ல. பிள்ளை நடக்க ஆரம்பிச்சுட்டுதாம், சுடலைமுத்து சொன்னார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

என்னய்யா, வேகத்தைக் குறைக்கான்? குரும்பூரா?

அன்னா, இடது பக்கம் பாருங்க. தலையைக் கொஞ்சம் குனிங்க, தெரியும். உள்ள மேஜை தெரியுதா? உக்காந்துட்டானுவ. முண்டாசு கட்டினவன் அடுப்புக்காரன். அந்த வழுக்கைத் தலை ஆசீர்வாதம், சிரிச்சுக்கிட்டே இருக்கான் பாருங்க, என்னத்தக் கண்டானோ. அந்த ஓரத்துல மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு... ஆமா. அவதான். மெலிஞ்சுட்டா. அவ பக்கத்துல ஸ்டூல் ஒண்ணு சும்மா கெடக்கு. இலை போட்டிருக்கு. எவனாவது கை கழுவப் போயிருப்பான்.

"சார், குரும்பூர். இன்னைக்காவது இறங்குதீங்களா?"

என்னவே கண்டக்டரே, இன்னைக்காவதுன்னா? டிக்கெட்டைப் பாரும். திருச்செந்தூர்னு போட்டிருக்கா இல்லையா?

"இல்ல சார், அக்கா வண்டி வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து கேக்கா. அப்பா வந்தாங்களான்னு. போன வாரம் பூரா நீங்க இதே சீட்ல இருந்தீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

ஒண்ணும் சொல்ல வேண்டாம். உம்ம வேலை விசில் அடிக்கிறது. அடியும்.

நீங்க என்னய்யா என் மூஞ்சியையே பாக்குதீங்க? இறங்க வேண்டிய இடத்துல இறங்கத் தெரியாதவனா நான்? சொல்லுதேன் கேளுங்க. இறங்கலாம். உள்ள போகலாம். அந்த ஸ்டூல்ல உக்காரவும் செய்யலாம். ஆனா முதல் வாய்ச் சோத்தைப் பிசைஞ்சு எடுக்கும்போது, அந்த மேஜையில இருக்கிற ஒவ்வொருத்தனும் என் கையையே பாப்பான். மக பாப்பா. அந்தக் கண்ணைத்தான் என்னால தாங்க முடியாது. சிரிச்சாக்கூடப் பரவாயில்ல, திட்டிக்கலாம். அவனுவ சிரிக்க மாட்டானுவ. குழம்பை ஊத்துவானுவ.

வண்டி நகந்துட்டு. நகரட்டும். பசிக்குதுய்யா. காலையிலேருந்து ஒண்ணும் திங்கல.

கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தா இதே வண்டிதான் திரும்பும். அவனுவ மெதுவாத் திங்குற ஆளுக, பந்தி முடிஞ்சிருக்காது. அப்பப் பாத்துக்கலாம்.